பலமுறை நுழைவுச் சீன விசா: வாசல் கணக்கு வேறு, நாள் கணக்கு வேறு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சீனாவுக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை போய்வருகிறவர்கள் இன்று நம்மிடையே அரிதல்லர். ஒருவர் தீபாவளிக்கு முன் அலங்கார விளக்குகளும் துணிகளும் பார்த்துவர குவாங்சோ போகிறார். இன்னொருவர் ஷென்செனில் ஆங்கிலம் கற்பிக்கும் மகளோடு பத்து நாள் இருந்துவிட்டு வருகிறார். பணி ஓய்வு பெற்ற வேறொருவர் பெய்ஜிங்கையும் பெருஞ்சுவரையும் பார்த்துத் திரும்பிய மறுமாதமே யுன்னான் மலைப்பக்கம் போக வேண்டும் என்கிறார். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், ஒரே விசாவில் பலமுறை போய்வர முடியாதா? முடியும். ஆனால் அந்த விசாவைப் பெற்றவர்களிலேயே பாதிப்பேர் அது எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம். பலமுறை நுழைவு விசா என்பது அதிக நாள் தங்குவதற்கான அனுமதி அன்று. அதிக முறை உள்ளே நுழைவதற்கான அனுமதி மட்டுமே. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

முதலில், நமக்கு ஏன் விசா வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொரீஷியஸில் உறவினர் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி குழப்பத்தை உண்டாக்குகிறது. மொரீஷியஸுக்கும் சீனாவுக்கும் இடையே விசா விலக்கு உடன்பாடு 2013 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்நாட்டுச் சாதாரண பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சுற்றுலாவுக்கு விசா எடுக்க வேண்டியதில்லை. ரெயூனியனில் இருப்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால், பிரான்சுக்கு 2023 டிசம்பர் 1 முதல் சீனா ஒருதலையாக அளித்த சலுகை அவர்களையும் சேர்கிறது. முதலில் 15 நாளாக இருந்த அந்தச் சலுகை 2024 நவம்பர் 30 முதல் 30 நாளாயிற்று. தென்னாப்பிரிக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு இவை இரண்டும் இல்லை. பல நாட்டவர் விசா இல்லாமல் 240 மணி நேரம் தங்கிச் செல்ல இடம் தரும் இடைவழிச் சலுகையின் பட்டியலிலும் தென்னாப்பிரிக்கா இல்லை. ஆகவே போர்ட் லூயியில் இருக்கும் பெரியப்பா மகன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்பதற்காக நாமும் கிளம்ப முடியாது.

ஒட்டுச்சீட்டை வாசிக்கும் முறை

பாஸ்போர்ட்டின் ஒரு முழுப் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒட்டப்படும் சீன விசாவில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றோடு நான்கு விவரங்கள் இருக்கும். வகை, நுழைவுகளின் எண்ணிக்கை, எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பவை அவை. இந்த நான்கையும் தனித்தனியாக வாசிக்கப் பழக வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்கக் கூடாது.

வகை என்ற இடத்தில் சுற்றுலாவுக்கு 'எல்' என்ற எழுத்து இருக்கும். நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் ஒருமுறைக்கு '01', இருமுறைக்கு '02', பலமுறைக்கு 'எம்' என்று இருக்கும். இங்கே ஒரு வேடிக்கையான குழப்பம் காத்திருக்கிறது. வகைகளிலும் 'எம்' என்று ஒன்று உண்டு; அது வணிக விசாவைக் குறிக்கும். ஆகவே "எனக்கு எம் விசா கிடைத்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் வணிக விசாவைச் சொல்கிறாரா, பலமுறை நுழைவைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. சுற்றுலா விசாவில் பலமுறை நுழைவு பெற்றவருக்கு வகையில் 'எல்' என்றும் எண்ணிக்கையில் 'எம்' என்றும் இருக்கும்.

மூன்றாவதான தேதிதான் அதிகம் தவறாக வாசிக்கப்படுவது. அது நீங்கள் சீனாவை விட்டு வெளியேற வேண்டிய கடைசித் தேதி அன்று. உள்ளே நுழைவதற்கான கடைசித் தேதி. நான்காவதான தங்கும் நாள் கணக்கு, நுழைந்த நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய விசாவில் 2026 மார்ச் 10க்குள் நுழைய வேண்டும் என்றும், ஒவ்வொரு முறையும் 30 நாள் தங்கலாம் என்றும் இருக்கிறது. அவர் அந்தக் கடைசி நாளான மார்ச் 10 அன்றே நுழைகிறார் என்றாலும், மறுநாள் மார்ச் 11ஐ முதல் நாளாகக் கொண்டு எண்ணி, ஏப்ரல் 9 வரை முறையாகத் தங்கலாம். மார்ச் 10க்குப் பிறகு அவர் சீனாவில் இருப்பது குற்றமாகாது. ஆனால் இடையில் ஒரு முறை வெளியே வந்துவிட்டால் அந்த விசாவில் மீண்டும் நுழைய முடியாது, நுழைவு பலமுறை என்று இருந்தாலும்.

அந்தக் கடைசி நாள் பெய்ஜிங் நேரப்படி நள்ளிரவோடு முடிகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பெய்ஜிங் நமக்கு 6 மணி நேரம் முந்தியது. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நேராகப் பறந்தாலும் பயணம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், கடைசித் தேதியன்று நண்பகல் விமானம் ஏறுகிறவர் அங்கே இறங்கும்போது மறுநாள் ஆகியிருக்கும். அப்படிப்பட்டவரை விமான நிறுவனமே ஏற்றிக்கொள்ள மறுத்துவிடும்.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு முறையும் 30 நாள் என்றிருந்தால், பலமுறை நுழைவு இருக்கிறதே என்று 45 நாள் தொடர்ந்து தங்கிவிட முடியாது. முப்பதாம் நாளுக்குள் வெளியேற வேண்டும். வெளியேறிவிட்டு மீண்டும் நுழைந்தால் புதிதாக 30 நாள் தொடங்கும் என்பது விதிப்படி சரியே. ஆனால் மாதக்கணக்கில் இப்படி எல்லைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருப்பவரை, சுற்றுலா விசாவில் இவர் இங்கே என்ன செய்கிறார் என்று எல்லை அதிகாரி கேட்பதற்கு முழு உரிமை உண்டு. விசா கையில் இருப்பது நுழைவுக்கு உத்தரவாதம் ஆகாது; வாசலில் இருப்பவர் அனுமதிக்க வேண்டும்.

ஹாங்காங்கும் மக்காவும் வெளியே இருப்பவை

பலமுறை நுழைவு உண்மையில் யாருக்குத் தேவை என்பது இந்தப் பகுதியைப் புரிந்துகொண்டால்தான் தெரியும். ஹாங்காங்கும் மக்காவும் சீனாவின் பகுதிகளே என்றாலும் அவற்றின் எல்லைக் கட்டுப்பாடு தனித்தனி. தென்னாப்பிரிக்கர்கள் இரண்டுக்கும் விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம். ஆனால் ஷென்செனிலிருந்து ஹாங்காங்குக்கு ஒரு நாள் போய்வந்தால், சீன விசாவின் கணக்கில் நீங்கள் நாட்டை விட்டு வெளியேறி மீண்டும் நுழைந்தவர் ஆகிவிடுகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவருக்கு அந்தத் திரும்புதல் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் பயணத்தில் ஜூஹாயில் தங்கியிருந்தபோது, பெட்டியை விடுதி அறையிலேயே வைத்துவிட்டு, மக்காவில் அந்தப் பழைய தேவாலயத்தின் முகப்பைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று கோங்பெய் எல்லைச் சோதனைக்குப் போனேன். காய்கறிப் பைகளும் பால்மாவுப் பெட்டிகளுமாகத் தினமும் எல்லை கடக்கிறவர்களின் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய இளம் பெண் அதிகாரி உடனே முத்திரை குத்தவில்லை. விசாப் பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி, பேனாவின் மூடிய முனையால் '01' என்ற எண்ணை இருமுறை தட்டிக் காட்டினார். பிறகு தம் கைபேசியில் ஏதோ தட்டெழுதி, மொழிபெயர்ப்பை எனக்குக் காட்டினார்: "போனால் திரும்பி வர முடியாது." அன்று மக்காவைப் பார்க்கவில்லை, வரிசையில் வந்தவழியே திரும்பினேன். அவர் கடமைக்கு மேல் செய்த உதவி அது, ஏனென்றால் வெளியேறுகிறவரிடம் திரும்பி வருவீர்களா என்று கேட்பது அவர்கள் வேலை அன்று.

ஹாங்காங்கின் மேற்குக் கவுலூன் ரயில் நிலையத்தில் இந்த எல்லை இன்னும் நுட்பமாக இருக்கிறது. 2018 செப்டம்பரில் அதிவேக ரயில் அங்கே ஓடத் தொடங்கியதிலிருந்து, இரு தரப்புச் சோதனைகளும் அந்த ஒரே கட்டடத்துக்குள் நடக்கின்றன. ஹாங்காங்கின் சோதனையை முடித்து நடக்கும்போது தரையில் ஒரு மஞ்சள் கோடு வரும். அதைத் தாண்டியவுடன், ஹாங்காங் நகரின் நடுவில் நின்றுகொண்டிருந்தாலும், சீனப் பெருநிலத்தின் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். உங்கள் விசாவின் ஒரு நுழைவு அங்கேதான் செலவாகிறது, குவாங்சோவில் ரயிலை விட்டு இறங்கும்போது அன்று. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஹாங்காங்குக்கு நேர் விமானம் இருப்பதால் நம்மில் பலர் இந்த வழியாகவே போகிறார்கள். ஹாங்காங்கில் இறங்கி, பெருநிலத்துக்குள் போய், மீண்டும் ஹாங்காங் வந்து ஊர் திரும்பினால் அது ஒரே நுழைவு. நடுவில் ஒருமுறை ஹாங்காங்குக்கோ மக்காவுக்கோ வந்து திரும்பினால் இரண்டு. பயணத் திட்டத்தைக் காகிதத்தில் வரைந்து, பெருநிலத்துக்குள் போகும் அம்புக்குறிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை இரண்டைத் தாண்டவில்லை என்றால், இருமுறை நுழைவு விசாவே போதும். பலமுறைக்கு மெனக்கெட வேண்டியதில்லை.

நீங்கள் சுற்றுலாப் பயணிதானா?

அடிக்கடி போகிறவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. 2013இல் சீனா தன் விசா வகைகளைத் திருத்தி அமைத்தபோது, வணிகத்துக்கென்று 'எம்' வகையைத் தனியே உண்டாக்கியது. கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிறவருக்கு உரியது அதுதான். குவாங்சோவில் ஏப்ரல் 15 முதல் மே 5 வரையிலும், அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையிலும் மும்மூன்று கட்டங்களாக நடக்கும் கேன்டன் கண்காட்சிக்குப் போகிறவர், கண்காட்சி நடத்துகிறவர்களிடமிருந்தோ தாம் கொள்முதல் செய்யும் நிறுவனத்திடமிருந்தோ அழைப்பிதழ் பெற்று வணிக விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாவில் எளிதாகப் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆண்டுக்கு நான்கு முறை அதே நகருக்கு, அதே மொத்த விற்பனைச் சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் விடுதிக்குப் போகும் சுற்றுலாப் பயணியை எந்த அதிகாரியும் நம்பமாட்டார் என்பதே என் கருத்து. உண்மையைச் சொல்லி வணிக வகையில் கேட்பவருக்குப் பலமுறை நுழைவுக்கான காரணமும் தானாகவே கிடைத்துவிடுகிறது.

மகனோ மகளோ அங்கே வேலையில் இருப்பவர்களின் நிலையும் இப்படித்தான். தென்னாப்பிரிக்க இளைஞர்கள் பலர் சீனாவில் ஆங்கில ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கென்று 'எஸ் 2' என்ற குறுகிய காலக் குடும்பச் சந்திப்பு வகை இருக்கிறது. அதில் பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி ஆகியவற்றின் நகல்கள், உறவை நிறுவும் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பார்க்கப் போகும் பிள்ளை சீனக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து அந்தக் குடும்பத்தோடு இருந்தால், 'க்யூ 2' வகை பொருந்துமா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல், ஊர் பார்க்கவே அடிக்கடி போகிறவருக்கு மட்டுமே பலமுறை நுழைவுச் சுற்றுலா விசா சரியான விடை.

எப்படிக் கேட்பது

இத்தனை முறை போயிருந்தால் பலமுறை நுழைவு கட்டாயம் தரப்படும் என்று எந்த விதியும் இல்லை. எத்தனை நுழைவு, எத்தனை மாதச் செல்லுபடி, எத்தனை நாள் தங்கல் என்ற மூன்றையும் முடிவு செய்பவர் தூதரக அதிகாரி. படிவத்தில் ஒருமுறை, இருமுறை, ஆறு மாதத்துக்குப் பலமுறை, ஓராண்டுக்குப் பலமுறை என்று நாம் விரும்புவதைக் குறிக்கலாம். கேட்டதைவிடக் குறைத்துத் தருவது அவர் உரிமை. விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்க்கும் சேவை மையத்தின் சாளரத்தில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் காகிதங்களைப் பெறுகிறவரே தவிர, தீர்மானிக்கிறவர் அல்லர். பிரிட்டோரியாவில் தூதரகமும், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன், டர்பன் ஆகிய நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. எந்த மாகாணத்தில் வசிக்கிறோமோ அதற்குரிய இடத்துக்கே விண்ணப்பம் போக வேண்டும்.

அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவர் முன்னால் இருப்பது ஒரு படிவமும் சில காகிதங்களும்தான். இவர் முன்பு வந்தபோது சொன்ன நாளில் வந்து சொன்ன நாளில் போனாரா, சொன்ன ஊர்களுக்குத்தான் போனாரா, மீண்டும் மீண்டும் வருவதற்கு நம்பத்தக்க காரணம் இருக்கிறதா, இவரை ஊருக்கு இழுத்துக்கொண்டுவர இங்கே வேலையோ குடும்பமோ இருக்கிறதா என்பவையே அவர் தெரிந்துகொள்ள விரும்புபவை. ஆகவே பழைய சீன விசாக்களின் நகல்களையும், அவற்றுக்குரிய நுழைவு, வெளியேற்ற முத்திரைகள் உள்ள பக்கங்களின் நகல்களையும் தேதி வரிசைப்படி அடுக்கிச் சேர்க்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறிந்தவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துகிறார்கள்.

அதோடு ஒரு பக்கக் கடிதம் ஒன்றை நீங்களே எழுதிச் சேர்ப்பது நல்லது. கட்டாயம் என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் படிவத்தில் இல்லாத ஒன்றை அது சொல்கிறது. "நான் அடிக்கடி பயணம் செய்பவன், ஆகவே பலமுறை நுழைவு வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது யாரையும் அசைக்காது. மார்ச் மாதம் சியானும் பெய்ஜிங்கும் போகிறேன், அக்டோபர் பிற்பாதியில் பள்ளித் தோழர்கள் மூவரோடு யுன்னான் போகிறேன், அந்தப் பயணத்தின் நடுவில் ஹாங்காங்கில் இரண்டு நாள் தங்கி மீண்டும் பெருநிலத்துக்குத் திரும்புகிறேன், ஆகவே ஓராண்டில் எனக்கு மூன்று நுழைவுகள் தேவைப்படுகின்றன என்று நாளும் ஊரும் சொல்லி எழுதினால், இருமுறை நுழைவு ஏன் போதாது என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முதல் பயணத்துக்கு விமானப் பதிவும் விடுதிப் பதிவும் முழுமையாக இருக்க வேண்டும். அடுத்தவற்றுக்குத் திட்டம் போதும்.

முதன்முறை போகிறவர் பலமுறை கேட்கக் கூடாதா என்றால், கேட்கலாம். ஆனால் காட்டுவதற்குப் பதிவு எதுவும் இல்லாதவர் ஒருமுறையோ இருமுறையோ கேட்டு, ஒழுங்காகப் போய்வந்து, பிறகு கேட்பதையே நான் சொல்வேன். ஒருமுறை விசா மறுக்கப்பட்டால் அடுத்த படிவத்தில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

மற்ற காகிதங்கள் எல்லோருக்கும் பொதுவானவை: குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியும் வெற்றுப் பக்கங்களும் உள்ள பாஸ்போர்ட், இணையத்தில் நிரப்பி அச்சிட்ட படிவம், வெள்ளைப் பின்னணியில் காதுகள் தெரியும்படி எடுத்த 33க்கு 48 மில்லிமீட்டர் அளவுள்ள படம். நம் ஊர்ப் படக்கடையில் வழக்கமான பாஸ்போர்ட் அளவில் எடுத்தால் இது சரிவராது. அளவைச் சொல்லி எடுக்க வேண்டும். பலமுறை நுழைவு கேட்பவர் பாஸ்போர்ட்டின் செல்லுபடியைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எட்டு மாதத்தில் காலாவதியாகும் பாஸ்போர்ட்டில் ஓராண்டு விசாவை எதிர்பார்க்க முடியாது. பக்கங்களும் விரைவில் தீர்ந்துபோகும். நம் ஹோம் அஃபேர்ஸ் அலுவலகத்தில் 48 பக்கங்கள் கொண்ட 'மேக்ஸி' பாஸ்போர்ட் கிடைக்கிறது. அடிக்கடி பறக்கிறவர் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதையே கேட்பது நல்லது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே வேலை பார்க்கிறவர்கள் தென்னாப்பிரிக்காவில் முறையாக வசிப்பதற்கான அனுமதியின் நகலையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, செல்லுபடி என்பது விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, முதல் பயண நாளிலிருந்து அன்று. மார்ச் பயணத்துக்கு முந்தைய டிசம்பரிலேயே வாங்கிவைத்தால் ஓராண்டில் மூன்று மாதம் வீணாகப் போய்விடும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு விண்ணப்பிப்பது பொருத்தம். வழக்கமான நடைமுறைக்கு நான்கு வேலை நாள்கள் பிடிக்கும் என்பார்கள், ஆனால் சீனப் புத்தாண்டையும் அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய நாள் விடுமுறையையும் ஒட்டித் தூதரகம் மூடியிருக்கும் நாள்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உள்ளே போன பிறகு

விடுதியில் தங்கினால் உங்கள் பதிவை விடுதிக்காரரே காவல் துறைக்கு அனுப்பிவிடுவார். மகள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கினால், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்களும் வீட்டுக்காரரும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பலமுறை நுழைவு உள்ளவர்கள் மறக்கும் ஒன்று இது: ஹாங்காங் போய்த் திரும்பினால் அது புதிய வருகை, ஆகவே மீண்டும் பதிவு செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம், அதிகபட்சம் 10,000 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் வரை காவலில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நோய்வாய்ப்பட்டோ வேறு காரணத்தாலோ கூடுதல் நாள் தேவைப்பட்டால், தங்கும் காலம் முடிவதற்கு 7 நாள் முன்னதாகவே அந்த நகரத்துக் காவல் துறையின் நுழைவு வெளியேற்ற அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

விசா செல்லுபடியாக இருக்கும்போதே பாஸ்போர்ட் பக்கங்கள் தீர்ந்து புதியது வாங்க நேர்ந்தால், பெயர், பிறந்த தேதி, பாலினம், குடியுரிமை ஆகியவை மாறாதவரை, பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் சீன விசாவைப் புதியதோடு சேர்த்துக் காட்டிப் பயன்படுத்தலாம். அதற்காகப் பழைய பாஸ்போர்ட்டை ஹோம் அஃபேர்ஸில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விசாப் பக்கத்தின் மூலையை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்த வழி கிடையாது; அவர்கள் மீதமிருக்கும் மாதங்களை விட்டுவிட்டுப் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.